கத்தரிக் கன்றோடு கதவடியில் நிற்கும் அம்மாமார், அப்பாமாருக்கு



ஊரிலிருந்து பிள்ளைகளிடம் வந்து, ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் ஏஜாக்ஸிலும் முதலாவது கனடாக் குளிர்காலத்தை ஒருவாறு கடந்துவிட்ட உங்களுக்குத்தான் இந்த மடல். மாதக்கணக்காய் யன்னலுக்குள்ளால் வெள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். இப்போது மே நடுப்பகுதி, வைகாசி பிறக்கிற நேரம். வானத்தில் ஒரு துண்டு முகில் இல்லை. பகல் 22 பாகை என்று தொலைக்காட்சியில் சொல்லிவிட்டார்கள். நீங்களும் ஊருக்குத் தொலைபேசி எடுத்து, "இண்டைக்கு நல்ல வெய்யில், தோட்டத்துக்குள்ள இறங்கப்போறன்" என்று சொல்லியாயிற்று. பங்குனி தொட்டு யன்னலோரம் தயிர்ப் பெட்டிகளில் வளர்த்த கத்தரிக் கன்று கையில் இருக்கிறது. மகள் வேலைக்குப் போய்விட்டாள். தடுக்க ஆளில்லை.

கன்றை உள்ளே வையுங்கள். நீங்கள் இறங்குங்கள்.

உங்களுக்குத் தோட்டம் சொல்லித் தருகிற தகுதி எனக்கில்லை. வலிகாமத்துச் செம்மண்ணில் வெங்காயமும் புகையிலையும் செய்தவர்கள், நீர்வேலியில் வாழைக்கு விடியப்புறம் எழும்பி இறைத்தவர்கள் உங்களில் எத்தனையோ பேர். நான் சொல்ல வருவது இந்த ஊர் வானத்தைப் பற்றி மட்டும்.

முகில் இல்லாத வானம் பகலில் வெயிலைத் தருகிறது. அதே வானம்தான் இரவில் மண்ணின் சூட்டைத் தடையில்லாமல் மேலே போக விடுகிறது. முகில் இருந்தால் அந்தச் சூட்டில் ஒரு பங்கு திரும்பி வரும். இல்லையென்றால் போனது போனதுதான். ஊரிலும் தை, மாசியில் வானம் வெளித்த இரவுகளில்தான் பனி கூட விழும், மப்பும் மந்தாரமுமான இரவில் விழாது. அதே கணக்குத்தான் இங்கேயும். அங்கே அந்தப் பனி இலையில் ஈரமாக நிற்கும். இங்கே அது உறையும். இலைக்குள் இருக்கிற நீரும் உறையும். காலையில் வெயில் பட்டதும் இலை கறுத்துத் தொங்கிவிடும். ஆகவே மே மாதத்தில் எந்தப் பகல் உங்களை ஆகக் கூட ஆசை காட்டுகிறதோ, அந்தப் பகலின் இரவுக்குத்தான் ஆகக் கூடப் பயப்பட வேண்டும்.

வானிலை அறிக்கையில் "இரவு 3 பாகை" என்று சொன்னால் உறைபனி இல்லையே என்று ஆறுதல் கொள்ளாதீர்கள். அந்த வெப்பமானி நிலத்திலிருந்து ஒன்றரை மீற்றர் உயரத்தில், ஒரு ஆளின் நெஞ்சளவில் இருக்கிறது. காற்றில்லாத தெளிந்த இரவில் குளிர்ந்த காற்று கீழேதான் தேங்கும். உங்கள் கன்று நிற்கிற இடத்தில் பூச்சியமும் இருக்கலாம், அதற்குக் கீழேயும் போகலாம். வளவு பள்ளமாக இருந்தால், அல்லது பின்னால் ஓடைப் பள்ளத்தாக்கு இருந்தால், இன்னும் மோசம்.

உறையாவிட்டாலும் கத்தரிக்கு இந்தக் குளிர் ஆகாது. இரவு 10 பாகைக்குக் கீழே போனால் கத்தரி, மிளகாய், பாவற்காய், புடோல் எல்லாம் வளர்ச்சியை நிறுத்திவிடும். தக்காளி இலையின் அடிப்புறம் ஊதா நிறமாய் மாறும். அது நோயல்ல, குளிர்ந்த மண்ணிலிருந்து பொசுபரசை வேரால் எடுக்க முடியாமல் வருகிற நிறம். அப்படி ஒருமுறை மிரண்ட கன்று யூன் முழுக்க அசையாமல் நிற்கும். பக்கத்து வீட்டில் இரண்டு கிழமை பிந்தி நட்ட கன்று அதைத் தாண்டிக்கொண்டு போவதை நீங்கள் வேலிக்கு மேலால் பார்த்துக்கொண்டு நிற்பீர்கள்.

எப்போது நடுவது? தென் ஒன்ராறியோவில் எல்லாரும் சொல்லுகிற நாள் ஒன்று இருக்கிறது. மே 25க்கு முன்வருகிற திங்கட்கிழமை, விக்ரோறியா நாள். மே 24, 1819இல் பிறந்த மகாராணியின் பிறந்தநாள் விடுமுறை அது. மகாராணிக்கும் கத்தரிக்கும் ஒரு தொடர்பும் இல்லை. ஆனால் அந்த நீண்ட வார இறுதியோடு ரொறன்ரோப் பக்கம் உறைபனி பெரும்பாலும் முடிந்துவிடும். வெள்ளைக்காரன் எங்களுக்கு விட்டுப்போன நாட்களில் உருப்படியானது இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். ஆண்டைப் பொறுத்து அது 18ஆம் திகதிக்கும் 24ஆம் திகதிக்கும் இடையில் எங்கேயாவது விழும். அதனால் நான் நாட்காட்டியைவிட லைலாக் செடியைத்தான் கூட நம்புகிறேன். தெருவில் நாலு வீட்டுக்கு ஒரு வீட்டில் அது நிற்கும், ஊதாக் கொத்துப் பூ, மணமே காட்டிக் கொடுத்துவிடும். ஏறிவருகிற சூட்டைப் பார்த்துத்தான் அது மலர்கிறது. கொத்து முழுதாய் விரிந்த பிறகு பயிற்றையும் பூசணியும் விதைக்கலாம் என்பது இந்த நாட்டுப் பழைய தோட்டக்காரரின் கணக்கு. கத்தரிக்கும் பாவலுக்கும் அதற்குப் பிறகும் ஒரு கிழமை பொறுத்தால் நட்டமில்லை.

சரி, இந்த வெயில் நாளை என்ன செய்வது? செய்ய வேலை நிறைய இருக்கிறது, பயப்படாதீர்கள்.

முதலில் தண்ணீர். வெளியே சுவரில் இருக்கிற குழாயைத் திறந்தால் தண்ணீர் வராது. குளிருக்குக் குழாய் உறைந்து வெடித்துவிடும் என்று இலையுதிர் காலத்திலேயே உள்ளே, பேஸ்மென்றில், அடைத்து வைத்திருப்பார்கள். மருமகனைக் கேட்டு அந்த அடைப்பைத் திறந்து, வெளிக்குழாய் எங்கேயாவது ஒழுகுகிறதா என்று பாருங்கள். வருகிற தண்ணீரில் கையை வையுங்கள். ஒன்ராறியோ ஏரித் தண்ணீர், மே மாதத்தில் எலும்பு வரைக்கும் குளிரும். கிணற்றடியில் இளஞ்சூட்டுத் தண்ணீர் வார்த்துப் பழகியவர்கள் நீங்கள். வாளிகளில் பிடித்து வெயிலில் வைத்து, பின்னேரம் அதை ஊற்றுங்கள்.

பிறகு நிழல். இதற்கு முழு வெயில் நாள் ஒன்று வேண்டும், அதனால்தான் இன்று செய்யச் சொல்கிறேன். யாழ்ப்பாணத்தில் சித்திரைப் புத்தாண்டை ஒட்டிச் சூரியன் நேர் உச்சிக்கு வரும், ஆவணியில் மறுபடி வரும். அங்கே பந்தலை வளவின் எந்தப் பக்கத்தில் போட்டாலும் பெரிய வித்தியாசமில்லை. இங்கே சூரியன் ஒருநாளும் உச்சிக்கு வராது. யூன் 21இல்கூடத் தெற்கே 20 பாகை சரிந்துதான் நிற்கும். ஆகவே பாவற்பந்தலையும் புடோல் பந்தலையும் வளவின் வடக்கு வேலியோரமாகப் போடுங்கள். தெற்கே போட்டால் அதற்குப் பின்னால் நிற்கிற மிளகாயும் கத்தரியும் நிழலுக்குள் போய்விடும். பின்வளவு வடக்குப் பார்த்த வீடென்றால் சுவரோரத்துப் பத்தடியை மறந்துவிடுங்கள். அது பசளிக்கும் மல்லிக்கும் காணும், கத்தரிக்குக் காணாது. காலையிலிருந்து இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை வீட்டு நிழலின் ஓரத்தில் ஒரு தடி குத்துங்கள். பின்னேரம் பார்க்கும்போது எந்த இடத்துக்கு ஆறு மணித்தியால வெயில் கிடைத்தது என்று தடிகளே சொல்லும். மணிக்கூட்டைப் பார்த்து ஏமாற வேண்டாம். மார்ச்சில் அதை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளிவிடுவார்கள், இங்கே உச்சிநேரம் ஒன்றேகால் மணிக்குத்தான்.

மண்ணில் கை வைக்குமுன் இன்னும் ஒன்று. பந்தல்கால் நட அலவாங்கு எடுக்கிறவர்கள் ஒன்ராறியோ வன் கோல் என்ற சேவைக்கு அறிவிக்க வேண்டும். எரிவாயுக் குழாய், மின்கம்பி, தொலைபேசிக் கம்பி எல்லாம் இங்கே நிலத்துக்குள்ளால்தான் ஓடுகின்றன, சில இடங்களில் ஒரு முழ ஆழம்கூட இல்லை. ஆள் வந்து எங்கெங்கே கம்பி போகிறது என்று நிலத்தில் நிறப்பூச்சால் குறித்துவிட்டுப் போவார். காசு கேட்க மாட்டார்கள். பிள்ளையைக் கொண்டு இன்றைக்கே பதியுங்கள். வர நாளெடுக்கும், கால் நடுவது எப்படியும் அடுத்த கிழமைதானே.

இனி மண். புது வீட்டுத் திட்டங்களில் வீடு கட்டும்போது மேல்மண்ணை வழித்தெடுத்துவிட்டு, கடைசியில் மெல்லிய ஒரு படையாகத்தான் திருப்பிப் போடுவார்கள். அதன்மேல் பாய் விரித்தமாதிரிப் புல் விரிக்கிறது. கீழே இருப்பது களிமண். செம்மண்ணில் மழை விட்ட மறுநாளே மண்வெட்டி போடலாம். இதில் போடக்கூடாது. ஈரக் களியைக் கொத்திப் புரட்டினால் கட்டி கட்டியாய்க் காய்ந்து செங்கல்லாகிவிடும், அந்த வருடம் முழுக்க வேர் இறங்காது. அரையடி ஆழத்திலிருந்து ஒரு பிடி மண் எடுத்துக் கையில் இறுக்கிப் பாருங்கள். பிட்டுக்கு மாக் குழைத்த பதம் வேண்டும்: பிடித்தால் பிடியாய் நிற்க வேண்டும், பெருவிரலால் தட்டினால் உதிர வேண்டும். தட்டியும் உதிராமல் பளபளவென்று அப்பிக்கொண்டு நின்றால் இன்னும் மூன்று நாலு நாள் காயவிடுங்கள்.

பதம் சரியென்றால் புல்லை உரியுங்கள். மண்வெட்டியைச் சாய்த்துப் பிடித்து, ஓரடிக்கு ஓரடித் துண்டுகளாக வெட்டி, வேரோடு தூக்குங்கள். உரித்த புல்லை எறியவேண்டாம். மூலையில் புல்லுப் பக்கம் கீழே இருக்கும்படி அடுக்கி விட்டால் அடுத்த வருடம் அது நல்ல மண். ஊரில் குழை தாழ்த்தினவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. உரிக்கும்போது வெள்ளையாய், தலை மட்டும் பழுப்பாய், அரைவட்டமாய்ச் சுருண்டு கிடக்கிற புழுக்களைக் காண்பீர்கள். வண்டின் குடம்பி அது, வேர் தின்கிறது. பொறுக்கிப் பக்கத்தில் போடுங்கள். செம்மண் நிற நெஞ்சோடு ஒரு குருவி நீங்கள் கொத்தத் தொடங்கிய நேரம் தொட்டு மூன்றடி தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருக்கும். ரொபின் என்பார்கள். மற்றதை அது பார்த்துக்கொள்ளும்.

மண்புழுவைக் கண்டால் விட்டுவிடுங்கள். இந்தப் பகுதியெல்லாம் ஒருகாலம் பனிக்கட்டிப் பாளத்துக்குக் கீழே கிடந்தது, மண்புழுவும் மிஞ்சவில்லை. இப்போது தோட்டங்களில் நெளிகிற மண்புழுக்களில் மிகப் பெரும்பங்கு ஐரோப்பாவிலிருந்து செடியோடும் மண்ணோடும் வந்து சேர்ந்தவை. புல்தரை முழுக்க மஞ்சளாய்ப் பூத்துக் கிடக்கிற டன்டலையனும் அப்படித்தான் வந்தது. குடியேறிகளில் யாருக்கு மரியாதை, யாருக்கு வசை என்பது இங்கே தோட்டத்துக்குள்ளும் இருக்கிறது. அந்த மஞ்சள் பூவுக்கு "மருந்தடிச்சால் என்ன?" என்று கேட்காத அப்பாவை நான் கண்டதில்லை. அடிக்க ஏலாது. அழகுக்காகப் புல்தரைக்குப் பூச்சிக்கொல்லி, களைகொல்லி அடிப்பதை ஒன்ராறியோ மாகாணம் ஏப்ரல் 22, 2009இல் தடை செய்துவிட்டது. கொத்தித்தான் எடுக்க வேண்டும். நடுவேர் ஆழமாய் இறங்கும், பாதியில் முறிந்தால் மறுபடி துளிர்க்கும். மழை பெய்த மறுநாள் ஒடுங்கிய கத்தி ஒன்றை வேரோரம் இறக்கி நெம்பினால் முழுதாய் வரும். பிடுங்கினதையும் பழைய சருகையும் பிளாஸ்ரிக் பையில் போட்டு வீதியில் வைத்தால் எடுக்க மாட்டார்கள், கடையில் விற்கிற மண்ணிறக் கடதாசிப் பைதான் வேண்டும்.

எருவுக்கு மகனைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போகச் சொல்லுங்கள். அங்கே உங்களுக்கு ஒரு சந்தோசம் காத்திருக்கிறது: மக்கின ஆட்டெரு, பையில் அடைத்து, அடுக்கு அடுக்காய். பட்டி அடைத்து ஆட்டுப்புழுக்கை சேர்த்த ஆட்கள் அதைக் காசு கொடுத்து வாங்கச் சம்மதிக்க மாட்டீர்கள் என்பது தெரியும். வாங்குங்கள். களிமண்ணுக்கு அதைவிட உதவி இல்லை. நாலு விரற்கடை உயரத்துக்குப் பரப்பி, மேல் அரையடியோடு கலந்து, பாத்தியைக் கொஞ்சம் உயர்த்திக் கட்டுங்கள். உயர்ந்த பாத்தி சீக்கிரம் காயும், சீக்கிரம் சூடேறும். இந்த நாட்டில் அந்தச் சூடுதான் பசளை.

கை சும்மா இருக்காதென்றால் விதைக்கவும் இருக்கிறது. மல்லி, வெந்தயம், முள்ளங்கி, கடுகுக் கீரை, பீற்றூட், பட்டாணி எல்லாம் குளிர் மண்ணிலும் முளைக்கும், மெல்லிய உறைபனியையும் தாங்கும். மல்லியை இப்போதே போடுவதுதான் நல்லது. யூலைச் சூட்டில் போட்டால் இலை விடமுன் பூத்துவிடும். வெங்காயம் நடலாம், ஆனால் ஊரிலிருந்து வந்த சின்ன வெங்காயத்தை நடாதீர்கள். வெங்காயம் பகலின் நீளத்தைப் பார்த்துத்தான் குமிழ் கட்டும். ஊர் வெங்காயம் பன்னிரண்டு மணித்தியாலப் பகலுக்குப் பழகினது. இங்கே இப்போதே பகல் பதினாலரைக்கு மேல், இரவு எட்டரைக்கும் வெளிச்சம். தாள் வளர நேரமில்லாமல் நெல்லிக்காய் அளவில் குமிழ் கட்டி முடித்துவிடும். இங்கத்தை நடுவெங்காயத்தை வாங்குங்கள்.

இதே கணக்கு மறுபுறமாய் அவரைக்கும் சிறகவரைக்கும் அடிக்கும். பகல் குறுகினால்தான் அவை பூக்கும். ஊர் அவரை இங்கே ஆடி, ஆவணி முழுக்க இலை இலையாய்ப் பந்தலை மூடும், பார்க்க வடிவாயிருக்கும், படம் எடுத்து ஊருக்கு அனுப்புவீர்கள். புரட்டாதியில்தான் பூவெடுக்கும். பிஞ்சு திரளமுன் ஒக்ரோபர்ப் பனி வந்துவிடும். அந்த இடத்தைப் பயற்றங்காய்க்குக் கொடுங்கள். கன்றும் விதையும் இப்போது தமிழ்க் கடை வாசல்களிலேயே கிடைக்கின்றன. ஊரிலிருந்து கொண்டுவந்தே தீருவேன் என்கிறவர்கள் விமான நிலையத்தில் விதை இருக்கிறதென்று சொல்லிவிடுங்கள். சேலை மடிப்புக்குள் வைத்துக்கொண்டு நிற்காதீர்கள்.

இப்போது அந்தக் கத்தரிக் கன்றுக்கு வருவோம். அதையும் இன்று வெளியே கொண்டுபோகலாம், நடுவதற்கல்ல. கண்ணாடிக்குள் வளர்ந்த இலை நேர்வெயிலையே கண்டதில்லை. ஒரேயடியாய் வெயிலில் வைத்தால் இரண்டு மணித்தியாலத்தில் வெள்ளைத் திட்டு விழுந்து கடதாசியாகிவிடும். முதல்நாள் சுவரோரம், காற்றுப் படாத நிழலில் ஒரு மணித்தியாலம். அடுத்த நாள் இரண்டு. பிறகு காலை இளவெயில். இப்படி ஒரு கிழமை, பத்து நாள் வெளியே வைத்து, ஒவ்வொரு பின்னேரமும் மறக்காமல் உள்ளே எடுங்கள். தண்டு தடித்து, இலை கரும்பச்சையாய் மாறும்போது விக்ரோறியா நாளும் வந்திருக்கும். நட்ட பிறகும் ஒரு இரவு குளிர் வந்தால் பழைய கட்டில் விரிப்பைப் போர்த்துங்கள், நிலத்தின் சூடு அதற்குள் நிற்கும். பிளாஸ்ரிக் வேண்டாம், அது இலையில் முட்டுகிற இடமெல்லாம் கருகும்.

உங்கள் உடம்புக்கும் ஒரு சொல். சாரத்துக்கு மேல் சுவெற்றரும் காதுமூடித் தொப்பியுமாய் நீங்கள் கொத்துவதைப் பார்க்க எனக்குச் சந்தோசமாய்த்தான் இருக்கிறது. ஆனால் காற்றுக் குளிர்வதால் வெயில் சுடுவது தெரியாது. வியர்வை தெரியாததால் தண்ணீர் குடிக்கவும் தோன்றாது. ஊன்றுகிற கைத்தடி மாதிரி மண்வெட்டியில் சாய்ந்து நிற்கும்வரை வேலை செய்யாமல், ஒரு பாத்தியோடு நிறுத்துங்கள். வேலிக்கு அங்கால் இத்தாலியக் கிழவர் ஒருவர் நிற்பார். இலையுதிர் காலத்தில் அத்திமரத்தைக் குழி வெட்டிச் சரித்து மண்ணால் மூடி, இப்போது அதைத் திரும்ப நிமிர்த்திக்கொண்டிருப்பார். பாசை தெரியாவிட்டாலும் பரவாயில்லை, போய்ப் பாருங்கள். சூட்டு நாட்டு மரத்தை இந்தக் குளிருக்குள் காப்பாற்றுவதில் அவர்கள் எங்களுக்கு மூத்தவர்கள்.

இதை வாசித்துக் காட்டுகிற பிள்ளைகளுக்கு: புல்தரை பழுதாகும், வீட்டு விலை குறையும் என்று நீங்கள் முணுமுணுப்பது எனக்குக் கேட்கிறது. அரைவாசிப் புல்லை விட்டுக்கொடுங்கள். நாள் முழுக்க வீட்டுக்குள் தொலைக்காட்சியோடு இருக்கிற மனிசருக்கு நீங்கள் வேறென்ன வேலை வைத்திருக்கிறீர்கள்? ஆட்டெருவைத் தூக்கிக் கொடுங்கள். இரவு வெப்பநிலையைப் பார்த்துச் சொல்லுங்கள். அணில் கிளறுகிறது என்று அப்பா கத்தினால் சிரிக்காதீர்கள். முதுகில் கோடில்லாத இந்தக் கறுப்பு அணிலை அவர் இன்னும் அணில் என்று ஒப்புக்கொள்ளவில்லை.

பசளித் தண்டும் பொன்னாங்காணித் தண்டும் என்னிடம் மிச்சம் இருக்கிறது, யன்னலோரத் தண்ணீரில் வேர்விட்டு நிற்கிறது. விக்ரோறியா நாள் முடிந்த கிழமை பின்னேரங்களில் வந்தால் தருவேன். பாவற்கன்று மட்டும் கேட்காதீர்கள். எனக்கே காணாது.

அன்புடன்,
ஸ்காபரோவிலிருந்து ஓர் அயலவள்